மட்டக்களப்பில் தனியே ஒரு நாள்: காலை கடலுக்கு, மாலை வாவிக்கு

மட்டக்களப்பு நகரம் தண்ணீருக்கு நடுவே கிடக்கிறது. கிழக்கே கடல், உள்ளே வாவி, வாவிக்குள் புளியந்தீவு. தனியே சுற்ற வருகிறவருக்கு இது பெரிய வசதி. வழி தவறினாலும் நாலு ஒழுங்கை நடந்தால் எங்காவது தண்ணீர் வந்துவிடும். கரையைப் பிடித்து நடந்தால் ஒரு பாலம் வரும். பாலம் வந்தால் நிற்கிற இடம் விளங்கிவிடும். ஊரார் வாவியை 'ஆறு' என்றும் சொல்வார்கள். யாராவது 'ஆத்துப் பக்கம் போங்க' என்றால் வாவிக்கரை, 'கடற்கரை' என்றால் கல்லடிக் கடல். இதை நினைவில் வைத்துக்கொண்டால் வழி கேட்பது பாதி முடிந்தது.

ஒரே நாளில் ஊரை முடித்துவிடப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. வெளிச்சவீடு, மாமாங்கம், கோட்டை, கொக்கட்டிச்சோலை, அதோடு பாசிக்குடா என்று பட்டியல் போட்டு வருகிறார்கள். அந்தி சாயும்போது கையில் மிஞ்சுவது ஆட்டோக் கணக்கும் தலையிடியும்தான். ஆறுதலாக ஒரு நாள் வேண்டுமென்றால் மூன்று இடம் போதும்: விடியலில் கல்லடிக் கடற்கரை, முற்பகலில் புளியந்தீவு, மாலையில் கல்லடிப் பழைய பாலம். நடுவில் வெயில் ஏறும் மூன்று மணித்தியாலத்துக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். மூன்றும் கிட்டக் கிட்ட இருப்பதால் முழுவதையும் நடந்தே பார்க்கலாம்.

எந்த நாள், எந்த மாதம்

நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை மாரி. மழை ஒருமுறை பிடித்தால் நாள் முழுக்க விடாது, கடலும் கொந்தளிப்பாக இருக்கும். மாசி பிறந்து வெயில் கொஞ்சம் தெளிந்த பிறகு, பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரைக்கும் நடப்பதற்கு நல்ல காலம். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று வறண்டது, சூடானது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் கீழே சொல்லும் தண்ணீர்க் கணக்கைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

வார நாளாக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை நகரம் அமைதியாக இருக்கும். ஆனால் பல கடைகள் பூட்டியிருப்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டிவரும். பௌர்ணமி தினமும் விடுமுறைதான். நூலகமும் அலுவலகங்களும் திறக்கா, ஆனால் அன்றிரவு வாவிக்கரையில் நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது பின்னால் வரும். காத்தான்குடிக்கும் போக நினைப்பவர்கள் வெள்ளி மத்தியானத்தைத் தவிர்க்கவும். ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று, நிறைந்தாலும் மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தனியே வருகிறவருக்குப் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மலசலகூடத்துக்கும் அது கூடவே வரும். அதனால் கொண்டு வருவதெல்லாம் தோளில் கிடக்கக் கூடியதாக இருக்கட்டும்.

தண்ணீர் ஒரு லீற்றர் போத்தல். காலையில் நிரப்பியதைப் பத்து மணிக்குள் குடித்து முடித்து, மறுபடி நிரப்புங்கள். மாலைக்குள் இரண்டரை லீற்றர் உள்ளே போயிருக்க வேண்டும். கூடவே, உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் 'ஜீவனி' தூள் ஒரு பக்கெற். எந்தப் பாமசியிலும் கிடைக்கும். ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடிக்க வேண்டும். பாதியைப் போட்டு அரைப்போத்தலில் கலக்கினால் அளவு சரியாக வராது. குடை கட்டாயம்: தொப்பி தலையை மட்டும் மறைக்கும், குடை தோளையும் காக்கும், மழைக்கும் உதவும். பின்னங்கால் வாருள்ள செருப்பு நல்லது. சப்பாத்துப் போட்டு வந்தால் கடற்கரை மணல் உள்ளே போய், பாலம் வருவதற்குள் குதியில் கொப்புளம் கிளம்பும். ஒரு சின்னத் துவாய், மெல்லிய சால்வை அல்லது சறம் ஒன்று, நுளம்புக்குப் பூசும் கிறீம், பவர் பாங்க், அடையாள அட்டை.

காசு சில்லறையாக இருக்கட்டும். இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் வேறாக ஒரு பொக்கற்றில். தேத்தண்ணிக் கடையிலும் பஸ்ஸிலும் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் காத்திருப்பு.

போனில் ஊர் வரைபடத்தை முன்னரே இறக்கி வைத்துவிட்டு டேற்றாவை நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் எந்த நேரம் எங்கே இருப்பீர்கள் என்று சொல்லி, மத்தியானம் ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்றாக இரண்டு செய்தி அனுப்பினால் போதும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. போதனா வைத்தியசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது.

'தனியவா வந்தீங்க?'

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நம்முடைய ஊர்களில் ஒருவர் காரணமில்லாமல் தனியே நடந்து திரிந்தால், அவருக்கு ஏதோ கவலை என்றோ வழி தெரியவில்லை என்றோதான் எடுத்துக்கொள்வார்கள். தேத்தண்ணிக் கடை அண்ணர் கேட்பார், ஆட்டோக்காரர் கேட்பார், கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா 'எங்க மகள் போறீங்க, ஆரத் தேடுறீங்க?' என்பார். இதை விசாரணையாக எடுக்க வேண்டாம், அக்கறைதான். 'சும்மா ஊர் பாக்க வந்தன், பின்னேரம் பஸ் எடுத்துடுவன்' என்று சிரித்துக்கொண்டு சொன்னால் போதும். நீண்ட விளக்கம் சொன்னால் நீண்ட உரையாடல் தொடங்கும். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. விருந்தோம்பலுக்கு அந்தப் பேச்சு முழுக்கப் பொருந்தும். சாப்பிட்டுப் போங்கள் என்று உண்மையாகவே கூப்பிடுவார்கள். போக விருப்பமில்லை என்றால், பெரியவரிடம் 'இன்னொரு நாளைக்கு வாறன் ஐயா' என்பதே மரியாதையான மறுப்பு.

பெண்கள் தனியே வருவதானால் இரண்டு விடயம். விடியலில் கல்லடிக் கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களும் மீனவர்களும் இருப்பார்கள்; ஆள் நடமாட்டம் உள்ள பகுதியிலேயே இருங்கள், சவுக்கு மரங்களுக்குள் தள்ளிப் போக வேண்டாம். இருட்டிய பின் கடற்கரை வேண்டாம், குடும்பங்கள் இருக்கும் காந்தி பூங்காப் பக்கம் நில்லுங்கள். சுரிதாரோ நீளப் பாவாடையோ, தோளை மூடும் சட்டையோ இருந்தால் வெயிலுக்கும் நல்லது, கோயிலுக்குள்ளும் போகலாம், உடை மாற்றும் வேலையும் இல்லை. யாராவது பின்னால் வருவது போலத் தோன்றினால் நடையைக் கூட்டாமல் பக்கத்துக் கடைக்குள் ஏறி, கடைக்கார அக்காவிடமோ அண்ணரிடமோ நேரே சொல்லுங்கள். உடனே வெளியே வந்து பார்ப்பார்கள்.

விடியல்: கல்லடி

கல்முனை, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் நகர பஸ் நிலையம் வரை போக வேண்டாம். காத்தான்குடி தாண்டி, பாலத்துக்கு முன்னமே கல்லடி வந்துவிடும். கொண்டக்டரிடம் 'பாலத்துக்கு இஞ்சால, கல்லடியில இறக்கி விடுங்க' என்று ஏறும்போதே சொல்லி வையுங்கள். ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கமிருந்தோ ரயிலிலோ வருகிறவர்கள் நகரில் இறங்கிக் கல்லடிக்கு ஆட்டோ பிடிக்கலாம். அன்றைக்குத் தேவைப்படும் ஒரே ஆட்டோ அதுவாகத்தான் இருக்கும். மீற்றர் இல்லாவிட்டால் ஏறுமுன் விலை பேசிக்கொள்ளுங்கள். ரயில் ஏழு மணிக்குப் பிறகு வந்து சேர்ந்தால் கடற்கரையை விட்டுவிட்டு நேரே புளியந்தீவில் தொடங்குவதே மேல். எட்டரைக்குப் பிறகு மணல் சுடும், நிழலும் இல்லை.

கிழக்குப் பார்த்த கடல் என்பதால் சூரியன் தண்ணீரிலிருந்தே எழும்பும். ஆண்டு முழுக்கப் பார்த்தால் உதயம் 5.45க்கும் 6.25க்கும் இடையில். இருபது நிமிடம் முன்னமே போய் இருங்கள். வட்டம் வெளியே வருவதற்கு முந்திய நிறங்கள்தான் அழகு. சறத்தை விரித்து, அலை தொடும் ஈரக் கோட்டுக்குப் பத்தடி மேலே உட்காருங்கள். கடல் அமைதியான மாதங்களில் கரைவலை இழுப்பார்கள். அருகில் போய்ப் பார்க்கலாம், ஆனால் கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. இழுவையில் கயிறு திடீரென விறைத்து எழும்பும். படம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

குளிக்க இறங்காதீர்கள். நீந்தத் தெரிந்தவரும்தான். கரையிலேயே தரை சட்டென்று இறங்கும் இடங்கள் உண்டு, அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். கூட ஆள் இல்லாமல் வந்த நாளில் முழங்காலளவு தண்ணீரோடு திரும்பிவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்த கரை இது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் அன்றைய அலையில் சாய்ந்தது. வடக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி பேரிழப்பைக் கண்டது. நினைவிடங்கள் வழியில் வரும். அங்கே சற்று நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள், செல்பிக்குரிய இடமல்ல அது.

ஏழு மணிக்கு மேல் வீதிக்கு வந்து காலைச் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல். அல்லது பிட்டும் மீன்கறியும். வயிறு நிறையச் சாப்பிட்டால் நடக்க முடியாது, முக்கால் வயிறு போதும். தேத்தண்ணிக் கடையில் கேட்காமலே வடையும் ரோல்ஸும் அடுக்கிய தட்டு மேசைக்கு வரும். புதியவர்கள் திகைத்து எல்லாவற்றையும் சாப்பிட முயல்வதுண்டு. எடுத்ததை எண்ணி அதற்கு மட்டும்தான் காசு.

கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, 1947இல் மறைந்தவர். பக்கத்தில் பாடசாலை நடக்கும் நேரமாயின் வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். பத்து நிமிடம் அமைதியாக நிற்க நல்ல இடம்.

பழைய பாலத்தைக் கடப்பது

கல்லடியில் இரண்டு பாலம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வாகனங்கள் ஓடும் அகலப் பாலம் 2013இல் திறந்தது. பக்கத்தில் உள்ள இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டுக்குரியது. அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் 'லேடி மனிங்' பாலம். நடப்பதற்குப் பழையதை எடுங்கள்.

நடுப் பாலத்தில் கால் மணித்தியாலம் நில்லுங்கள். கீழே இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலைக்காரர் யாராவது நின்றால் அவரை முழுக்கக் கவனியுங்கள். வலையின் கயிற்றை இடக்கை மணிக்கட்டில் சுற்றியிருப்பார். வலையில் ஒரு பங்கை முழங்கையில் தொங்கவிட்டு, ஈயக்குண்டு கோத்த ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வார். பிறகு அசையவே மாட்டார். தண்ணீரில் ஒரு சிறு நெளிவு தெரிந்ததும் இடுப்பு திரும்பும், பல் விடும், வலை காற்றில் வட்டமாக விரிந்து, குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மழைத்துளி போலச் சத்தமிட்டு விழும். வட்டம் நீண்டு முட்டை போல விழுந்தால் மீன் நழுவிவிடும். இழுக்கும்போது அவசரம் காட்டமாட்டார். குண்டுகள் தரையோடு உரசி வரும் அளவுக்கு மெல்ல மெல்ல. நாலு வீச்சுக்கு ஒன்றில் ஏதாவது படும். அவர் அவசரப்படாத அந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது நம் மூச்சும் தானாக மெதுவாகிவிடும்.

முற்பகல்: புளியந்தீவு

பாலம் தாண்டி அரசடி வழியாக நகருக்கு நடந்து, கோட்டைமுனைப் பக்கம் பாலமேறினால் புளியந்தீவு. கல்லடிப் பாலத்திலிருந்து ஆறுதலாக நடந்தாலும் முக்கால் மணித்தியாலத்துக்குள். ஒன்பதரைக்குள் கோட்டைக்குப் போய்விடுங்கள். மதில்மேல் நிழல் கிடையாது.

1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. பத்தே ஆண்டில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். நாலு மூலைக்கும் நாலு கொத்தளம். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள்ளேதான் இயங்கியது. காணி உறுதிக்கும் சான்றிதழுக்குமாக வந்து நின்ற எத்தனையோ பேருக்குப் பீரங்கியைப் பார்க்க நேரமே இருந்திருக்காது. உங்களுக்கு இன்று நேரமுண்டு. வாவிப் பக்கக் கொத்தளத்தில் நின்று பார்த்தால் படகில் வருகிற எதிரியை எவ்வளவு தூரத்திலேயே கண்டிருப்பார்கள் என்பது விளங்கும். காவலாளி மறித்தால் அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள், வாதாட வேண்டாம். பொலிஸ், இராணுவக் காவலரண்களைப் படம் எடுக்காதீர்கள்.

பிறகு புளியந்தீவு ஒழுங்கைகளில் கால் போன போக்கில் நடக்கலாம். இங்கே திட்டம் தேவையில்லை, தீவு சின்னது. புனித மரியாள் பேராலயத்துக்குள் கடைசி வாங்கில் உட்கார்ந்தால் வெளியில் இருக்கும் வெக்கை தெரியாது. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. வந்து ஓராண்டு ஆகுமுன்பே, 1815இல், இந்த ஊரிலேயே அவர் இறந்துபோனார். அவ்வளவு குறுகிய காலத்தில் போட்ட விதை இருநூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

மத்தியானம்

நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் பன்னிரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில்தான். வெயிலில் நடந்து, பசியோடு கடை தேடி, தலையிடி பிடித்து, 'ஏன் வந்தோம்' என்று தோன்றும் நேரம் அது.

சாப்பாட்டை 12.15க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணிக்குப் பிறகு நல்ல மீன்கறியும் கீரைச் சுண்டலும் முடிந்து, பருப்பும் கோழியும்தான் மிஞ்சும். சோறு குறைவாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் மலையாகக் குவித்துவிடுவார்கள். இறால், நண்டு இரண்டும் இந்த வாவியின் பெருமைதான், ஆனாலும் நண்டைத் தனியே கடையில் சாப்பிடுவதற்கு நேரமும் இரண்டு கையும் வேண்டும்; அவசரமில்லாத நாள் என்பதால் இன்றைக்கு அதைச் செய்யலாம். கடைசியில் தயிர் கட்டாயம். உறைப்பை ஆற்றும், வெக்கையைத் தணிக்கும்.

சாப்பிட்டதும் ஒரு கூரைக்குக் கீழ் போங்கள். பொது நூலக வாசிப்புப் பகுதியில் பத்திரிகையை விளம்பரம் வரை ஆறுதலாக வாசிக்கலாம். நூலகம் இல்லாத நாளில் வாவிக்கரை மரநிழல். மூன்று மணி போல ஒரு வெறுமை வரும். தனியே வருகிற எல்லோருக்கும் வருவது. உடனே போனை எடுத்து யாருக்காவது அழைக்கத் தோன்றும். எழுந்து போய் இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒன்று குடித்து, அரை மணித்தியாலம் பொறுங்கள். வெயில் சாயும்போது அதுவும் போய்விடும்.

இந்நேரத்தில் கோயில்கள் பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரரைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாலை நடை திறந்த பிறகு ஆட்டோவில் போய், தீர்த்தக் குளக்கரையில் இருந்துவிட்டு வரலாம். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டியிருக்கும். கோயிலைச் சேர்த்தால் வேறொன்றையும் சேர்க்காதீர்கள். முகத்துவாரத்து வெளிச்சவீட்டை அடுத்த முறைக்கு வையுங்கள்.

மாலை: வாவி

நாலரைக்கு மேல் காந்தி பூங்கா. பிள்ளைகள் ஓடுவார்கள், கச்சான் கடலை வறுக்கும் வாசம் வரும். ஒரு சுருள் வாங்கிக்கொண்டு மட்டக்களப்பு வாயிலடியில் தண்ணீரைப் பார்த்து இருங்கள். கண்டல் மரங்களும் புல்லும் அடர்ந்த கரையில் காலைத் தண்ணீருக்குள் விட வேண்டாம். வாவியில் முதலை உண்டு, அந்திதான் அது உலாவும் நேரம்.

சூரியன் மறைவது 5.40க்கும் 6.25க்கும் இடையில். முக்கால் மணித்தியாலம் முன்னமே கிளம்பிப் பழைய பாலத்துக்குத் திரும்புங்கள். காலையில் கடலிலிருந்து எழும்பிய அதே சூரியன் இப்போது வாவிக்கு அப்பால் இறங்கும். கிறீமைக் கணுக்காலிலும் முழங்கையிலும் பூசிக்கொள்ளுங்கள், டெங்கு உள்ள ஊர்.

பௌர்ணமியை ஒட்டிய நாளாகவும், ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையான காலமாகவும் இருந்து, நகரில் தங்கவும் முடிந்தால் 'பாடும் மீன்' என்று ஊரார் சொல்லும், வாவிக்குள்ளிருந்து எழும் ஓசையைக் கேட்க முயலலாம். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி நிலவில் தோணியில் போய்க் கேட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ண ஓரத்தைத் தேய்த்தால் எழும் அதிர்வைப் போல இருந்ததாக எழுதி வைத்தார். பாடுவது மீனில்லை, ஊரி என்ற சிப்பிதான் என்று அவரிடம் மீனவர்கள் சொன்னார்கள். பாலத்தில் நின்று காது கொடுத்தால் பெரும்பாலும் வாகன இரைச்சல்தான் கேட்கும். காற்றடங்கிய இரவில், நம்பிக்கையான தோணிக்காரருடன் கரையை விட்டுப் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் ஆழ்த்தி மறுநுனியைக் காதோடு சேர்த்து வைக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள், போகுமுன் தங்குமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது தயிர்ச்சட்டி

கடைசி பஸ் எத்தனைக்கு என்பதைக் காலையிலேயே கொண்டக்டரிடம் கேட்டு வைத்து, அதற்கு முந்திய பஸ்ஸைப் பிடிக்கப் பாருங்கள். எருமைத் தயிரைக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வாங்குங்கள். காலையில் வாங்கினால் பகல் முழுக்கச் சுமந்து, வெயிலில் புளித்து, தண்ணி விட்டுவிடும். சட்டியை மெல்லச் சரித்துக் கேளுங்கள்: ஏடு பிரியாமல் மொத்தமாக அசைந்தால் நல்ல உறை, ஓரத்தில் மஞ்சள் தண்ணி ஓடினால் வேறு சட்டி கேளுங்கள். மேலே கட்டிய தாளுக்கு மேல் ஒரு பொலித்தீன் பையையும் இறுக்கிக் கட்டச் சொல்லி, பஸ்ஸில் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பாலமேறும்போது ஜன்னல் பக்கமிருந்தால் வாவியில் விளக்குகள் தெரியும்.